அம்மா அப்பாவைக் கூட்டிப்போகும் முன் இன்சுலின் பற்றி

வெளிநாட்டில் கொஞ்சம் நிலைத்து, ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டிக்கொள்ளப் போகும் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மெடிக்கலில் "மிக்ஸ்டார்ட்" என்றால் அந்த இன்சுலினை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். லண்டனில் கிடைக்காது, மிக்ஸ்டார்ட் 30 விற்பனையை 2010 கடைசியோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். அதே 30/70 கலவை (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் 30 சதவீதம், மெதுவாக வேலை செய்வது 70) ஹியூமுலின் எம்3 என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் எண்ணைத் திருப்பி 70/30 என்று போடுவார்கள், பயப்பட வேண்டாம். எண் ஒன்றாக இருந்தாலும் நோவோமிக்ஸ் 30 என்ற இன்சுலின் மட்டும் வேறு மருந்து. மிக்ஸ்டார்டைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவோம்; நோவோமிக்ஸ் போட்டால் உடனே சாப்பிட வேண்டும்.

பெயரை விட எனக்குப் பயம் யூனிட் விஷயத்தில்தான். நம்மூர் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டில் பொதுவாக 100 யூனிட், ஆரஞ்சு மூடி. ஊர் சிரிஞ்சில் அந்த 100 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. ஊர் மருந்து தீர்ந்த அன்றே மிச்சமுள்ள சிவப்பு மூடி சிரிஞ்சுகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

அப்புறம், விலை குறைந்த மாற்று மருந்து. இன்சுலின் பெரிய புரதம். பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ உருவாக்கி எடுப்பது. பாரசிட்டமால் மாதிரி அச்சு அசலாக நகல் எடுக்க முடியாது என்பதால்தான் ஜெனரிக் என்று சொல்லாமல் பயோசிமிலர் என்கிறார்கள். தரம் குறைவு என்று ஒதுக்காதீர்கள். லான்டஸ் என்ற கிளார்ஜின் வகை இன்சுலினுக்குப் பதிலாக மருந்துக்கடையிலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்று 2021 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புக்கொண்ட செம்கிளி என்ற பயோசிமிலர், பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் மருந்து. ஆனால் டூஜியோ என்ற பிராண்டும் கிளார்ஜின்தானே என்று நீங்களாக மாற்றாதீர்கள். அதில் மில்லிக்கு 300 யூனிட், லான்டஸுக்குச் சரிக்குச் சரி ஆகாது.

கிளம்பும் முன் ஊர் டாக்டரிடம் மருந்தின் பொதுப்பெயர், கலவை, மில்லிக்கு எத்தனை யூனிட், வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்கறைக் குளிரில் உறைந்துபோன இன்சுலின் உதவாது. புது பிராண்டு தொடங்கினால் முதல் சில வாரம் சர்க்கரையை வழக்கத்தை விட அடிக்கடி பார்த்து, அந்தக் கணக்கை அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள்.