பேட்டரி மாற்றினால் டைம்கோட் தவறுகிறது: வேலூரில் யாராவது வழி சொல்லுங்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை இரண்டு கேமராவில் பதிவு செய்கிறோம். இரண்டும் ஒரே மாடல், தோளில் வைத்து எடுப்பவை. டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா இடும் நேர எண், சுருக்கமாக டிசி) உள்ளே வாங்கும் டிசி இன், வெளியே அனுப்பும் டிசி அவுட், இரு கேமராவின் ஃபிரேம் ஓட்டத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஜென்லாக் மூன்றுக்கும் தனித்தனி பிஎன்சி சாக்கெட் உண்டு. பதிவு 1080 50i (விநாடிக்கு 25 ஃபிரேம்).

முதல் கேமராவின் டிசி அவுட்டிலிருந்து இரண்டாவதன் டிசி இன்னுக்கு 75 ஓம் கேபிள் போடுகிறேன். இரண்டிலும் எஃப்-ரன் (பதிவு நின்றாலும் எண் ஓடிக்கொண்டே இருக்கும் முறை), பிரீசெட் (நாம் வைத்த எண்ணிலிருந்து தொடங்குவது). கேபிள் இருக்கும்வரை எண்கள் ஒன்றாக ஓடுகின்றன. கழற்றிய பிறகு நேரம் ஆக ஆக ஓரிரு ஃபிரேம் விலகுகிறது. ஜென்லாக் இல்லாதபோது அது இயல்பு, எடிட்டில் சமாளிக்கலாம். ஆனால் நள்ளிரவில் பேட்டரி மாற்றியதும் இரண்டாவது கேமரா சில விநாடிகள் பின்தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு அளவு. முகவீணையும் அடவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கூத்தைப் பாதியில் நிறுத்தி கிளாப் அடிக்கவும் முடியாது.

கேபிள் மாற்றியாயிற்று. ரீஜென் போட்டால் பழைய கிளிப்பின் எண்ணிலிருந்து தொடர்கிறது, அது உதவாது. இரண்டாவதை மாஸ்டராக (எண்ணை அனுப்பும் கேமராவாக) வைத்தாலும் அதே கேமராதான் தவறுகிறது. அடாப்டரில் கரண்ட் கொடுத்தால் இரவு முழுக்கச் சரியாக ஓடுகிறது, ஆனால் கூட்டத்துக்குள் வயர் இழுக்க வழியில்லை. அப்புறம், கேமராவின் கடிகாரமும் சில நாள் சும்மா வைத்தால் பின்தங்குகிறது. வேலூர், காட்பாடியில் விசாரித்த இடங்களில் இதைத் திறந்து பார்ப்பவர் கிடைக்கவில்லை. அடுத்த கூத்து வைகாசியில்.

மெயின் பேட்டரியைக் கழற்றும்போது கடிகாரத்தை ஓட்ட உள்ளே இருக்கும் பேக்கப் பேட்டரி போய்விட்டதுதான் காரணமா, அல்லது கேமராவைத் திறப்பதற்கு முன் மெனுவில் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா?