வைனுக்குத் தொட்டுக்க: 'பொத்தானா'வுக்கு ஒரு தமிழ்ச்சொல்

பொருள்: அப்பிடைசர், தமிழில்?
(சான் டியாகோவிலிருந்து)

குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் நண்பர் வீட்டில் வைன் ருசி பார்க்கும் விருந்து. ஆறு புட்டி. எல்லாமே இங்கிருந்து எல்லையைத் தாண்டி இரண்டு மணி நேரம் போனால் வந்துவிடும் குவாடலூப்பே பள்ளத்தாக்கில் விளைந்தவை. மெக்சிகோவில் வைனா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்டு வைனில் பெரும்பகுதி அந்தப் பக்கத்தில்தான் உண்டாகிறது. இன்னும் பழைய கதை வேண்டுமென்றால், கோவாவீலா மாநிலத்தின் பார்ராஸ் ஊரில் 1597-இல் தொடங்கிய காசா மதேரோ இன்றும் நடக்கிறது. அமெரிக்கக் கண்டங்களிலேயே பழைய வைன் ஆலை அதுதான்.

வைன் அந்த ஊருடையது என்பதால் தட்டும் அந்த ஊருடையதாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். வருபவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். எதை எந்த வைனோடு வைக்கலாம் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அப்பிடைசரைப் 'பசியூக்கி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மனைவி, "சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு ஸ்பூனா, மூன்று ஸ்பூனா?" என்று கேட்கிறாள்.

பட்டியலில் இருப்பவை: குவாக்கமோலேயும் (வெண்ணெய்ப்பழ மசியல்) தொத்தோப்போவும் (மக்காச்சோள அடையை முக்கோணமாக வெட்டிப் பொரித்தது), எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் செவிச்சே, சின்னச் சின்னச் சோப்பே (ஓரம் எழுப்பிய சோள அடை), தொமத்தீயோ என்னும் புளிப்புக் காயை அரைத்த பச்சைச் சால்சா. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

---

பொருள்: மறுமொழி: அப்பிடைசர், தமிழில்?
(திருநெல்வேலியிலிருந்து)

தம்பி, உங்கள் வீட்டில் கேட்டது சரிதான். பசியூக்கி, பசிதூண்டி எல்லாம் லேகிய டப்பாவில் ஒட்டுகிற பெயர். 'முன்னுணவு' என்றால் எதற்கு முன்? அன்றைக்கு அங்கே பின்னால் இலை போடப் போகிறார்களா? இல்லையே. 'சிற்றுண்டி' இட்லி தோசைக்குப் போய்விட்டது. 'நொறுக்குத்தீனி' பாதி சரி, ஆனால் குவாக்கமோலே எங்கே நொறுங்குகிறது?

வைனைத் 'திராட்சைரசம்' என்று எழுதிவிடாதீர்கள். வேதாகமத்தில் அது பொருந்தும். இன்றைக்குக் கடையில் கேட்டால் ஜூஸ் கொடுப்பான். 'தேறல்' இருக்கிறதே. தேறு என்றால் தெளி. தெளிந்த மது தேறல். யவனர் கொண்டுவந்து கொடுத்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பாண்டியன் பருகட்டும் என்று நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடுகிறார். கப்பலில் வந்த சரக்குக்கே நம்மிடம் சொல் இருந்திருக்கிறது.

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: அப்பிடைசர், தமிழில்?
(யாழ்ப்பாணத்திலிருந்து)

எங்கள் பக்கத்தில் குடியோடு வைக்கிற சாப்பாட்டுக்கு 'பைட்ஸ்' என்றுதான் பெயர். பொரித்த மீன், கடலை, மரவள்ளிச் சீவல், எது வந்தாலும் பைட்ஸ்தான். விருந்துக்குப் போகிறவரிடம் "பைட்ஸ் என்ன?" என்று கேட்டால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஆங்கிலச் சொல்தான், ஆனால் நினைப்பு நல்லது: ஒரு வாய் குடி, ஒரு வாய் கடி. ஆகவே 'கடி' என்பதைச் சுற்றி யோசியுங்கள். தமிழ்நாட்டில் கடி என்றால் அறுவை ஜோக் என்று தெரியும். அந்த ஆபத்தை நீங்கள்தான் சமாளிக்க வேணும்.

---

பொருள்: மெக்சிகோக்காரர் என்ன சொல்கிறார்
(சான் டியாகோவிலிருந்து)

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. தேறல் தலைப்பில் இருக்கட்டும், உள்ளே வைன் என்றே எழுதுகிறேன்.

அப்பிடைசரை விட்டுவிட்டு, மெக்சிகோவில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டு சொல் இருக்கின்றன. ஒன்று ஆந்தோஹீத்தோ. ஆந்தோஹோ என்றால் திடீரென்று வந்து பிடித்துக்கொள்ளும் ஆசை, ஈத்தோ சேர்ந்தால் குட்டி ஆசை. மசக்கைக்காரியின் ஆசைக்கும் இதே சொல்தான். பிறவி மச்சத்துக்கும் இதே சொல்: தாயின் ஆசை தீராமல் போனால் பிள்ளையின் உடம்பில் தடமாக வந்து நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. சோப்பே, கொர்தீத்தா என்று தெருவோரத்தில் விற்கும் சோளமாவுப் பண்டங்கள் இந்த வகை.

இன்னொன்று பொத்தானா. குடியோடு வருவது. கந்தீனா என்னும் மதுக்கடைகளில் குடிக்குக் காசு கொடுத்தால் பொத்தானா சும்மாவே தட்டில் வந்து இறங்கும் வழக்கம் உண்டு. ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் சாப்பாடே இல்லை! வைன் ஊற்றிவைக்கும் தோல் துருத்தியில் ஓட்டை விழுந்தால் அதன்மேல் வைத்து ஒட்டும் ஒட்டுக்குத்தான் பொத்தானா என்று பெயர். மரப்பீப்பாயின் ஓட்டையில் அடிக்கும் சின்னக் கட்டைக்கும் அதே பெயர். ஸ்பெயினில் தாப்பா என்றால் மூடி. ஒரே மொழிதான், ஓரிடத்தில் மூடி தீனியானது, இன்னோரிடத்தில் ஒட்டு தீனியானது.

ஒட்டு என்பது எவ்வளவு பொருத்தம் என்று எனக்குப் பட்டுத் தெரியும். போன ஆண்டு ஒரு விருந்துக்குச் சிப்போத்லே மிளகாயில் கோழியைப் பிரட்டி, தொஸ்தாதாவின்மேல் (மொறுமொறுப்பான தட்டைச் சோள அடை) குவித்து எடுத்துப்போனேன். நண்பர் வைத்திருந்தது பதினான்கரை சதவீத ஆல்கஹால் உள்ள கபர்னே என்னும் சிவப்பு வைன். முதல் கடி கடித்து, முதல் மிடறு குடித்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். தண்ணீரும் உதவவில்லை. மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். நாக்கில் சூட்டை உணரும் வாயிலைத்தான் அது போய்த் தட்டுகிறது. ஆல்கஹாலோ அதே வாயிலை இன்னும் இளக்கிவிடுகிறது. கபர்னேயின் துவர்ப்பு வேறு அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது பக்கத்துத் தட்டில் இருந்த வெறும் குவாக்கமோலே. வெண்ணெய்ப்பழக் கொழுப்பு போய் எரிச்சலை அடைத்தது. பொத்தானா செய்ய வேண்டிய வேலை அதுதான்.

---

பொருள்: மறுமொழி: மெக்சிகோக்காரர் என்ன சொல்கிறார்
(கோவையிலிருந்து)

ஓட்டையை அடைப்பது என்றால் நம்மிடம் 'தக்கை' இருக்கிறதே. புட்டியிலும் தக்கை, தட்டிலும் தக்கை. 'தக்கைத்தீனி' என்று வைத்தால் வருபவர்கள் கார்க்கைக் கடித்துப் பார்ப்பார்கள். 'அடைகறி' வைக்கலாமா என்றால் எங்கள் வீட்டில் அடைக்கு வடைகறியா என்று கேட்கிறார்கள். மூலச்சொல்லின் வரலாறு அழகாக இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே பெயர்த்து வைத்தால் இப்படித்தான் முடியும்.

தொமத்தீயோவுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். வேலியோரத்தில் முளைக்கும், காகிதம்போல உறை போர்த்திய காய், சின்ன வயதில் பறித்து நெற்றியில் 'டப்' என்று அடித்து உடைப்போமே, சொடக்குத் தக்காளி, அதன் பேரினமேதான் இதுவும். இது கொஞ்சம் பெரியது, புளிப்பு அதிகம். 'மெக்சிகோ சொடக்குத் தக்காளி' என்றால் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் அடையாளம் தெரியும்.

---

பொருள்: தொட்டுக்க
(திருநெல்வேலியிலிருந்து)

தம்பி கதையைச் சொன்ன பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. நாம் இதுவரை உணவின் பக்கத்தில் நின்றே சொல் தேடிக்கொண்டிருந்தோம். பசிக்கு முன், சாப்பாட்டுக்கு முன், இப்படி. மெக்சிகோக்காரர் வைன் பக்கத்தில் நின்று பெயர் வைத்திருக்கிறார். அந்த விருந்தில் இலையில் சோறு இருக்கும் இடத்தில் வைன் இருக்கிறது. மற்றதெல்லாம் பக்கத்தில் வைப்பது. சரி, சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பதை நாம் எப்படிக் கேட்போம்? "தொட்டுக்க என்ன?"

செவிச்சேயை எதில் தொடுவது என்று யாரும் கேட்க வேண்டாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க மோர்மிளகாய் என்கிறோம். மோர்மிளகாயைத் தயிர்சாதத்தில் முக்கியா எடுக்கிறோம்? அது ஒரு கடி, இது ஒரு வாய். தொட்டுக்கொள்வது என்றால் துணையாக வைத்துக்கொள்வது. டாஸ்மாக் வாசலில் நின்று கேட்டாலும் 'சரக்குக்குத் தொட்டுக்க' என்பது யாருக்கும் புரியும். அகராதியிலும் 'தொடுகறி' இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று, சோப்பே செய்கிற சோளமாவைப் பற்றி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோல் நழுவியதும் கழுவி அரைப்பார்கள் என்றும், அந்தச் சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர் என்றும் முன்பு ஒரு மடலில் எழுதியிருந்தீர்கள். அதில் முதல் பாதி நெக்ஸ்த்லி, நவாத்தல் மொழியில் சாம்பல். நம் 'நீறு' சாம்பலும் ஆகும், சுண்ணாம்பும் ஆகும். 'நீற்றுச்சோளம்' என்று எழுதிப்பாருங்கள். இதற்காக நான் பாயிண்டு எதுவும் கேட்கவில்லை.

---

பொருள்: மறுமொழி: தொட்டுக்க
(யாழ்ப்பாணத்திலிருந்து)

நீற்றுச்சோளத்துக்கு என் வாக்கு. தொடுகறிக்கு இல்லை. எங்களுக்குக் கறி என்றால் குழம்போடு சட்டியில் இருப்பது. தமிழ்நாட்டில் கறி என்றால் ஆட்டிறைச்சி. அந்தத் தம்பியின் விருந்துக்கு வருகிற சைவக்காரர் அட்டையில் 'கறி' என்று பார்த்தால் குவாக்கமோலேப் பக்கமே போகமாட்டார்.

ஒரு எழுத்தை மாற்றினால் போதும். 'தொடுகடி'. உங்கள் தொட்டுக்க, எங்கள் பைட்ஸ், இரண்டும் அதற்குள் வந்துவிடும். தொடுகறி என்று தட்டச்சுப் பிழை விழும் என்பது உண்மைதான். விழட்டும், விழுந்தாலும் பொருள் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: தொட்டுக்க
(கோவையிலிருந்து)

தொடுகடிக்கு நானும். 'தொடு, கடி' என்று இரண்டு கட்டளையாகவும் படிக்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

---

பொருள்: அட்டை எழுதியாயிற்று
(சான் டியாகோவிலிருந்து)

'தொடுகடி' என்றே எழுதிவிட்டேன். ஆந்தோஹீத்தோவை மொழிபெயர்க்கவில்லை. அந்தக் குட்டி ஆசை அப்படியே இருக்கட்டும்.

தட்டுக்குப் பக்கத்தில் வைக்க அட்டைகளும் தயார். செவிச்சே தொஸ்தாதாவுக்குச் சோவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளை வைன். எலுமிச்சைப் புளிப்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த வைன் சப்பென்று ஆகிவிடும், ஆகவே அதற்கு ஈடுகொடுக்கிற புளிப்பு வேண்டும். பொரித்த தாக்கீத்தோவுக்கு (உள்ளே பொருள் வைத்துச் சுருட்டிய சோள அடை) குமிழி வைன், எண்ணெய்ப் பிசுக்கை அதுதான் கழுவும். பச்சைச் சால்சாவில் மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், அதற்குக் குளிர்ந்த, லேசாக இனிக்கிற ஷெனான் பிளாங்க். குவாடலூப்பே பள்ளத்தாக்கின் சிவப்பு வைன் நெபியோலோ துவர்ப்புக்காரர், அவருக்கு மிளகாயே காட்டாமல் பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்த சோப்பே. ஊறுகாய் ஹாலப்பேன்யோ மிளகாயைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். வினிகரும் எரிப்பும் சேர்ந்து எந்த வைனையும் பேசவிடாது.

நேற்று ராத்திரி ஒத்திகைக்குச் சோப்பே போட்டேன். நீற்றுச்சோள மாவை உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தட்டி, எண்ணெய் விடாத கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி, விரல் சுடச்சுட ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எழுப்ப வேண்டும். பார்க்க அகல்விளக்கு மாதிரி வரும். நடுவில் பீன்ஸ் மசியல், மேலே உதிர்த்த கேசோ ஃப்ரெஸ்கோ என்னும் பாலாடைக்கட்டி. அட்டையை மனைவியிடம் காட்டினேன். ஸ்பூன் கணக்கு கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஓரம் உடைந்து பீன்ஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. அடுத்த ஈட்டில் ஓரத்தை இன்னும் தடிப்பாக எழுப்ப வேண்டும்.