‘ஜிக்’குக்கு என்ன சொல்: துள்ளுமுள்ளா, குண்டுமுள்ளா?

வணக்கம்.

தூண்டில் மீன்பிடிப்புச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், ‘லூர்’ (lure, மீனை ஏமாற்றும் செயற்கை இரை) என்பதற்குப் பொய்யிரை என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் ‘ஜிக்’கில்தான் (jig), அதாவது உலோகக் குண்டோடு சேர்த்து வார்த்த தூண்டில் முள்ளில்தான். அதற்கு இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த ‘துள்ளுமுள்’ காதுக்கு இனிமை. ஆனால் கிராப்பி (crappie, வட அமெரிக்க நன்னீர் மீன்) பிடிப்பவர்களிடம் அது நிற்காது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிரெனடா ஏரியில் குளிர்காலத்தில் படகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் சில்லிட்டுவிட்டால் கிராப்பி இரையைத் துரத்தி வராது. நீளமான கம்பை நீட்டி, மூழ்கிய மரத்தின் ஓரமாக மீனுக்குச் சற்று மேலே முள்ளை இறக்கி, அசைக்காமல் பிடித்திருப்பார்கள். முள்ளில் கட்டிய இறகு மட்டும் மெல்ல அலையும். துள்ளலே இல்லாததைத் துள்ளுமுள் என்பதா?

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முள்ளின் கழுத்தில் மிளகளவோ பட்டாணியளவோ ஓர் உலோகக் குண்டு வார்த்திருக்கும். தூண்டில் நரம்பு கட்டும் காது குண்டின் முதுகில் இருக்கும். அதனால்தான் முள் செங்குத்தாகத் தொங்காமல் மீன்குஞ்சு போலப் படுக்கையாக நிற்கிறது. கிராப்பிக்குப் பெரும்பாலும் அவுன்ஸில் 16இல் ஒரு பங்கு, இல்லாவிட்டால் 32இல் ஒரு பங்கு. 2 கிராம்கூட வராது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தனி, முள் தனி. இங்கே இரண்டும் ஒன்று. ஆகவே ‘குண்டுமுள்’.

‘ஈயமுள்’ வேண்டாம், இப்போது டங்ஸ்டனிலும் வருகிறது. குறள் 931இல் வரும் ‘தூண்டிற்பொன்’ எனக்கும் ஆசைதான். பொன் என்றால் அங்கே இரும்பு. ஆனால் அது இரைக்குள் மறைந்த முள். இதில் குண்டு வெளியே தெரியும். சாயம் பூசிக் கண்கூட வரைந்திருப்பார்கள்.

முள்ளில் கட்டுவது அல்லது கோப்பது எது என்பதைப் பொறுத்து, இறகுக் குண்டுமுள், குழல் குண்டுமுள், சுருள்வால் குண்டுமுள் என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. “கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் கிளிப்பச்சையும் கலந்த குழல் குண்டுமுள் கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறுகிறதா?

ஐயாவின் சொல்லை வீசிவிட வேண்டியதில்லை. ஜிக்கை மேலும் கீழும் அசைக்கும் ‘ஜிக்கிங்’ என்ற வினைக்குத் ‘துள்ளவிடுதல்’ என வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மீன் கடித்ததும் முள்ளை அதன் வாயில் பதிக்கும் ‘ஹூக்செட்’டுக்குப் (hookset) பட்டியலில் ‘வெட்டியிழுப்பு’ என்று இருக்கிறது. கிராப்பியின் வாய்த்தோல் காகிதம் மாதிரி. வெட்டி இழுத்தால் கிழிந்து, மீன் போயே போய்விடும். ‘முள்ளேற்றல்’ சரியாக வருமா?