புதுப்பிப்பு: அம்மாவின் பாதம் தொங்கிப்போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது

அம்மாவின் வலது பாதம் திடீரெனத் தொங்கிப்போனது, பிறகு இடது கைச் சுண்டுவிரலும் மரத்துப்போனது, சர்க்கரையும் இல்லையே என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் முதுகுத்தண்டு என்றீர்கள். இல்லை. கணுக்கால் அருகே சூரல் என்ற உணர்வு நரம்பில் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில் வாஸ்குலைட்டிஸ் என்று தெரிந்தது. அதாவது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி. ரத்தம் கிடைக்காத நரம்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன, அதனால்தான் இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாக.

ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் தொடங்கியாயிற்று. நரம்பு எரிச்சல் அடங்கி, இரவில் தூங்குகிறார். பாதத்தை மட்டும் இன்னும் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்று கழன்று விழுகிறது. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளருமாம், ஆகவே மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாதத்தைத் தாங்க ஒரு பட்டை. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. ஸ்டீராய்டால் இப்போது சர்க்கரையும் ஏறியிருக்கிறது, அதற்குத் தனியாக மருந்து.