மேல் சந்து குழு: பூட்டிய வீடும் புரோக்கர் போட்ட மெசேஜும்

குன்னூர் மேல் சந்து குடும்பங்கள்
சனி, காலை 7:20

நசீர் பாய்: (பலமுறை பகிரப்பட்டது)
"அர்ஜென்ட் சேல்!! குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து 2 கி.மீ. 9 சென்ட், பழைய ஓட்டு வீடு, 3 பெட்ரூம், டீ எஸ்டேட் வியூ, கார் போற ரோடு. ஓனர் கோவை ஆஸ்பத்திரியில் சீரியஸ். ஆபரேஷனுக்குப் பணம் வேணும். மகள் வெளியூர். வீடு காலி, எப்ப வேணா பார்க்கலாம், சாவி பக்கத்து வீட்டில். 1.10 சொல்றாங்க, 90-க்கு முடிச்சிரலாம். ஜென்யூன் பார்ட்டி மட்டும்."
📷 8 படங்கள்

நசீர் பாய்: மார்க்கெட் வியாபாரிகள் குழுவில் வந்தது. முதல் படம் நம் சார் வீட்டு வராந்தா மாதிரி இருக்கிறதே என்றுதான் இங்கே போட்டேன்.

ராஜு அண்ணன்: மாதிரி என்ன பாய், அதேதான். அந்தச் சிவப்பு ஆக்சைடு திண்ணை இந்தப் பக்கத்தில் வேறு யார் வீட்டில் இருக்கிறது? நாலாவது படம் பாருங்கள். சாரின் ஆதார் கார்டு, 12 எண்ணும் பளிச்சென்று.

விசாலாட்சி டீச்சர்: கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவைக்கூட விடவில்லை. சுமதி, இதைப் பார்த்தாயா?

சுமதி (கோவை): இப்போதுதான் பார்க்கிறேன் டீச்சர். வயிறு எரிகிறது. அப்பா சீரியஸ் எல்லாம் இல்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிறார். பணத்துக்காகவும் விற்கவில்லை. இனிமேல் அந்தப் படிக்கட்டு அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சுமதி (கோவை): அந்த 90 நானும் அப்பாவும் மட்டும் பேசிக்கொண்டது. "பேரத்தில் எதுவரைக்கும் இறங்கலாம் மேடம், எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்றார் புரோக்கர். நம்பிச் சொன்னேன்.

ராஜு அண்ணன்: சரிதான். இனி வாங்க வருகிறவன் 90-ல் ஆரம்பித்து 80-க்குக் கேட்பான்.

விசாலாட்சி டீச்சர்: அட்மின் என்ற முறையில் படங்களை எடுத்துவிட்டேன். யாராவது போனில் தானாக இறங்கியிருந்தால் கேலரியிலும் அழித்துவிடுங்கள்.

பிரவீன் (வக்கீல்): டீச்சர், ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் வேண்டும். யாரிடமிருந்து, எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு என்று தெரிகிற மாதிரி. பாய், உங்கள் வியாபாரிகள் குழுவில் இன்னும் இருக்கிறதா?

நசீர் பாய்: இருக்கிறது தம்பி. எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

ராஜு அண்ணன்: வெளியூர்க்காரன் ஊட்டிக்கு வர 2024-இல் இருந்து இ-பாஸ் வேண்டும். சார் பெட்ரூம் வரைக்கும் வர ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது.

ராஜு அண்ணன்: வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போட்டாயிற்று. கரடிக்கு மட்டும்தான் தகவல் போகவில்லை.

விசாலாட்சி டீச்சர்: பக்கத்து வீடு என்றால் நான்தான். போன வாரம் புரோக்கர் வந்து சுமதி சொன்னதாகச் சொல்லிச் சாவி வாங்கிப் போனார், ஒரு மணி நேரத்தில் திருப்பித் தந்தார். உள்ளே போய் இவ்வளவும் படம் எடுப்பார் என்று யார் கண்டது?

ராஜு அண்ணன்: ரேரா என்று ஒன்று இருக்கிறதே, அதில் எழுதிப் போடலாமே பிரவீன்? பேப்பரில் புரோக்கர்கள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று படித்தேன்.

பிரவீன் (வக்கீல்): அது மனை, பிளாட் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 2016 சட்டம் அண்ணா. பிரிவு 9 படி புரோக்கர் பதிவு செய்ய வேண்டும் என்பது ரேராவில் பதிவான திட்டங்களில் மனையோ பிளாட்டோ விற்றுக் கொடுப்பதற்கு. பிரிவு 10-இல் கணக்கு வைக்க வேண்டும், பொய் விளம்பரம் கூடாது என்றெல்லாம் கடமைகள் உண்டு. ஆனால் சார் வீடு மாதிரி தனி ஆள் விற்கும் பழைய வீடு அதற்குள் வராது. புகார் போட்டால் திரும்பி வரும்.

சுமதி (கோவை): அப்போது கேட்க ஆளே இல்லையா?

பிரவீன் (வக்கீல்): இருக்கிறது அக்கா, அது ரொம்பப் பழைய சட்டம். 1872 ஒப்பந்தச் சட்டம். உங்களுக்காக இன்னொருவரிடம் பேசி வியாபாரம் முடிக்க நீங்கள் நியமித்தவர் உங்கள் முகவர். நீங்கள் சொன்னபடிதான் அவர் நடக்க வேண்டும். மீறி உங்களுக்கு நஷ்டம் வந்தால் அவர் ஈடுகட்ட வேண்டும், அது பிரிவு 211. உங்களுக்குத் தெரியாமல் தானே வாங்குபவராக உள்ளே புகுந்தால் அந்த வியாபாரத்தையே நீங்கள் மறுக்க வழி உண்டு, 215. முறைகேடு செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்கிறது 220. புரோக்கர்களுக்கு வலிக்கிற இடம் அதுதான்.

ராஜு அண்ணன்: ஆதாரைப் போட்டதற்கு?

பிரவீன் (வக்கீல்): தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ. ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்யும்போது கையில் கிடைத்த ஒருவரின் சொந்த விவரத்தை, அவருக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தே சம்மதமில்லாமல் வெளியே விட்டால் 3 ஆண்டு வரை சிறை. தெரிந்தே செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. தனிநபர் தரவுச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதை நம்பி இறங்க முடியாது.

ஸ்டீபன் அண்ணா: காலையில் சர்ச் வேலையாக இருந்தேன், இப்போதுதான் படித்தேன். நானும் அவ்வப்போது இந்தத் தொழில் பார்ப்பவன், எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் செய்தது தப்பு. ஆனால் அவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. கையில் வீடு வந்த உடனே நாலு புரோக்கர் குழுவில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பெங்களூர் என்று போகும். யார் மூலமாகப் பார்ட்டி வந்தாலும் கமிஷனில் பங்கு. நாலாவது கைக்குப் போகும்போது முதல் ஆள் யார் என்றே தெரியாது.

ஸ்டீபன் அண்ணா: வேடிக்கை என்னவென்றால், வாங்குகிற பார்ட்டியின் பெயரையோ போன் நம்பரையோ எந்தப் புரோக்கரும் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டான். சொன்னால் அவனை வெட்டிவிட்டு நேராகப் போய்விடுவார்கள் என்ற பயம். ஆக ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் இல்லை. தன் கமிஷன் போகும் என்றால் காப்பார்கள், உங்கள் பணம் போகும் என்றால் கவலை இல்லை.

நசீர் பாய்: விலை குறைந்தால் அவருக்கும் கமிஷன் குறையுமே ஸ்டீபன்?

ஸ்டீபன் அண்ணா: கணக்குப் போடுங்கள் பாய். 2 சதவீதம் என்று வையுங்கள். 1.10 கோடிக்கு 2,20,000. 90 லட்சத்துக்கு 1,80,000. அவருக்குக் குறைவது 40,000, சுமதிக்குக் குறைவது 20 லட்சம். 40,000-க்காக ஆறு மாதம் அலைவதா, இந்த மாதமே முடித்துக் கையைக் கழுவுவதா? இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

விசாலாட்சி டீச்சர்: இப்படி யாரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை.

ராஜு அண்ணன்: ஒரு சந்தேகம். பட்டா, வில்லங்கம் எல்லாம் இப்போது ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்வே நம்பர் போட்டால் சார் பெயரே வருகிறது. அப்புறம் இதில் என்ன ரகசியம்?

பிரவீன் (வக்கீல்): நல்ல கேள்வி. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியவை, அதனால்தான் அரசே திறந்து வைத்திருக்கிறது. பட்டாவைக் காட்டியதற்கு நான் கோபப்பட மாட்டேன். ஆதார், பான், ஆஸ்பத்திரி, ஏன் விற்கிறார்கள், எதுவரை இறங்குவார்கள், வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள், இதெல்லாம் நிலத்தைப் பற்றியது இல்லை. மனிதரைப் பற்றியது.

பிரவீன் (வக்கீல்): அக்கா, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஆதார் இணையதளத்தில் அப்பாவின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். 2023-இல் பெங்களூரில் பதிவுப் பத்திரங்களில் இருந்த கைரேகையை நகல் எடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த சம்பவங்கள் நடந்தன. பணம் ஏதாவது போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. இனி யாருக்காவது ஆதார் கொடுக்க நேர்ந்தால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க் ஆதார் கொடுங்கள், அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

சுமதி (கோவை): சரி, செய்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நசீர் பாய்: கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. இவ்வளவு எழுதினவர் பின்பக்கத் தடுப்புச் சுவர் விரிசல் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. அவரிடம் சொன்னாயா?

சுமதி (கோவை): சொன்னேன் பாய். "அதை இப்போது பேச வேண்டாம் மேடம், அட்வான்ஸ் வாங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பிரவீன் (வக்கீல்): அது சரி இல்லை அக்கா.

சுமதி (கோவை): பிரவீன், நீ யார் பக்கம்? அப்பாவின் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது, வீட்டு விரிசலை மட்டும் நானே போய்ச் சொல்ல வேண்டுமா?

பிரவீன் (வக்கீல்): ஆமாம் அக்கா. 1882 சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சுவர் சாமான் ரூமுக்குப் பின்னால் புதர் மூடிக் கிடக்கிறது. வருகிறவர் யாரும் அங்கே போய்ப் பார்க்க மாட்டார்.

ராஜு அண்ணன்: இந்த ஊரில் சுவர் விளையாட்டு விஷயம் இல்லை சுமதி. 2009 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அன்றைக்கு ராத்திரி நானும் உங்கப்பாவும் இந்தச் சந்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றோம். குழந்தை குட்டியோடு வருகிற யாராவது அங்கே படுக்கப் போகிறார்கள்.

சுமதி (கோவை): ...

சுமதி (கோவை): சரி அண்ணா. அந்த ராத்திரியைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். சுவர் கட்ட எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டு, அதை விலையிலேயே கழித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீபன் அண்ணா: அதுதான் நல்லது. முதலிலேயே சொன்ன குறையை வைத்து யாரும் கடைசி நேரத்தில் விலை அடிக்க முடியாது.

காலை 10:45

சுமதி (கோவை): புரோக்கரிடம் பேசினேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் மேடம் வீடு விக்கும், எல்லாரும் இப்படித்தான் பண்றோம்" என்கிறார். மன்னிப்பு எல்லாம் இல்லை. பிரவீன் சொன்ன 220-ஐச் சொன்ன பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. எந்தெந்தக் குழுவில் போட்டார் என்று எழுதி அனுப்புகிறேன் என்றார்.

பிரவீன் (வக்கீல்): போனில் பேசியதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். இன்றோடு உங்களை நிறுத்துகிறேன், ஆவணங்களை அழியுங்கள், யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள். மூன்றே வரி போதும், கோபம் வேண்டாம்.

சுமதி (கோவை): ஸ்டீபன் அண்ணா, நீங்களே எடுத்துச் செய்து தர முடியுமா?

ஸ்டீபன் அண்ணா: வேண்டாம் சுமதி. ஒரே சந்து, நாளைக்கு விலையில் ஒரு மனத்தாங்கல் என்றால் உங்கப்பா முகத்தில் நான் முழிக்க முடியாது. குன்னூரில் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நம்பர் தனியாக அனுப்புகிறேன். ஆனால் யாராக இருந்தாலும் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள். எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும், வாங்குபவரிடமும் வாங்குகிறாரா, வேறு புரோக்கருக்குக் கொடுப்பதென்றால் உன்னைக் கேட்க வேண்டும், எந்தப் படம் வெளியே போகலாம். கடைசி விலையை மட்டும் யாரிடமும் சொல்லாதே, அவரிடமும்தான். மூலப்பத்திர நகலில் "பார்வைக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடு. கையெழுத்துப் போட யோசிக்கிற ஆள் என்றால் அங்கேயே விட்டுவிடு.

விசாலாட்சி டீச்சர்: சாவி இனி என் வீட்டிலிருந்து சுமதி எனக்கு நேராகப் போன் செய்தால்தான் வெளியே போகும். வருகிறவர்களோடு நானும் உள்ளே போவேன். பெட்ரூமில் இருக்கும் சாரின் மருந்து, கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிடவா?

சுமதி (கோவை): எடுத்து வையுங்கள் டீச்சர். அப்பாவின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் (குன்னூர் தடுப்பூசி நிறுவனம்) காலத்து போட்டோக்கள் சுவரில் இருக்கும், அதையும்.

காலை 11:30

ராஜு அண்ணன்: சார் வீட்டு கேட் முன்னால் கர்நாடகா நம்பர் வண்டி ஒன்று நிற்கிறது. கணவன் மனைவி, ஒரு சின்னப் பையன். வீடு பார்க்க வந்தார்களாம். 90 லட்சம்தானே என்று என்னிடமே கேட்கிறார்கள்.

சுமதி (கோவை): காட்ட வேண்டாம் அண்ணா. ஆனால் கோபப்படாதீர்கள், அவர்கள் என்ன செய்வார்கள். யார் அனுப்பினார் என்று மட்டும் கேளுங்கள்.

ராஜு அண்ணன்: கேட்டேன். நாம் யாரும் கேள்விப்படாத பெயர். மேட்டுப்பாளையம் ஆளாம். நம்பர் வாங்கிவிட்டேன்.

ஸ்டீபன் அண்ணா: அதைக் குழுவில் போடாதீர்கள் அண்ணா, சுமதிக்குத் தனியாக அனுப்புங்கள். அந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டாம்.

ராஜு அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ராஜு அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ராஜு அண்ணன்: பையன் பசிக்கிறது என்கிறான். டீச்சர், வீட்டில் வர்க்கி இருக்கிறதா? சுவர் விஷயத்தையும் நானே சொல்லிவிடவா சுமதி?

சுமதி (கோவை): இப்போது வேண்டாம் அண்ணா. வாங்க நினைத்தால் என்னிடம் பேசட்டும், நானே சொல்கிறேன்.