மாட்டுக் கொலாஜன் ஊசி: கைச் சோதனையை 3ஆம் நாள் பார்த்தால் போதுமா?

மல்லிகா_ஈசூன்:
வணக்கம். முகப்பருத் தழும்புக்கு மாட்டுக் கொலாஜனில் பிஎம்எம்ஏ என்ற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கலந்த நிரப்பி (பெல்லாஃபில் வகை) போட வேண்டும் என்று நோயாளி ஒருவர் கேட்கிறார். இடது முன்கையில் 0.1 மில்லி ஒவ்வாமைச் சோதனை ஊசி போட்டு இன்றோடு 3 நாள். சிவப்பு எதுவும் தெரியவில்லை. தீபாவளிக்கு 5 வாரம்தான் இருக்கிறது, அடுத்த வாரமே முகத்தில் போட்டால் வீக்கம் வடிந்துவிடுமே என்கிறார். நல்ல கறுப்பு நிறம், சிவந்தாலும் கண்ணுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இன்னொன்று. அவர் மாட்டிறைச்சி தொட்டதே இல்லை. "அதனால் ஒவ்வாமை வராது" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார், "அதனால்தான் வரும்" என்று இன்னொருவர் சொல்கிறார். டாக்டரிடம் பேசுவதற்கு முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இரண்டாவது சோதனை தேவையா?

செல்வி_தோல்பிரிவு:
போதாது, மல்லிகா. அடுத்த வாரம் முகத்தில் போடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். மாட்டுக் கொலாஜனுக்குச் சோதனை போடும் 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குக் கையில் எதிர்வினை வரும். அந்த எதிர்வினைகளில் 10க்கு 7தான் முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். மற்றவை பிறகு வரும், சில 3, 4 வாரம் கழித்துகூட. 3ஆம் நாள் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று எழுதினால் அந்த மீதிப் பேரை நேராக முகத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அதனால்தான் 4 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சோதனையைப் பற்றி: ஸைடெர்ம் என்ற மாட்டுக் கொலாஜன் ஊசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒரு சோதனைதான் வழக்கம். அது சுத்தமாக இருந்தும் 100இல் 1 முதல் 3 பேருக்குச் சிகிச்சை செய்த இடத்திலேயே தடிப்பு வந்தது. பிறகு மறு கையில் இரண்டாவது ஊசியும் போட ஆரம்பித்தார்கள், அந்த எண்ணிக்கை 0.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முதல் ஊசியே உடம்பைப் பழக்கி வைத்துவிடும், இரண்டாவதில்தான் அது பதில் சொல்லும். என்னைக் கேட்டால் உங்கள் நோயாளிக்கு இரண்டாவது கட்டாயம். கொலாஜன் சில மாதத்தில் கரைந்துவிடும், மணிகள் கரையவே கரையா. கெட்டுப்போனால் திரும்ப எடுக்க வழியில்லாத பொருளுக்கு நாம் அவசரப்படவே கூடாது.

இனி ஊசி போடும் முறை. மாண்டூ (காசநோய்த் தோல் சோதனை) போடுவது போலத்தான்: மெல்லிய 30 கேஜ் ஊசி, சாய்வுமுனை மேலே, தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். போட்டவுடன் சிறு வெளிறிய மேடு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்குக் கீழே போய்விட்டது, அந்தச் சோதனை செல்லாது. பல "சுத்தமான" சோதனைகள் இப்படித்தான் தவறிப்போகின்றன. சிகிச்சை ஊசிக்குழலிலிருந்து எடுத்துச் சோதனை போடாதீர்கள், கையில் மணிகள் நிரந்தரமாகத் தங்கிவிடும். மணியில்லாத சோதனைக் கொலாஜன் தனியாக வரும். அதை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைந்திருந்தால் வீசிவிடுங்கள்.

கறுப்புத் தோலைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ சாம்பல் படர்ந்த பழுப்பாகவோதான் தெரியும், சில நேரம் நிறமே மாறாது. கண்ணைவிட விரலை நம்புங்கள். ஊசி போட்ட இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல் நுனியால் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக வருடுங்கள். பயறு அளவு கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ, அழுத்தினால் வலித்தாலோ, பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். மறு கையில் அதே இடத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஊசி போட்டவுடன் லேசாக வீங்குவது இயல்பு. ஆனால் கெட்டிப்பு, வீக்கம், வலி, நிறமாற்றம் இவற்றில் ஒன்று 6 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரு நாள் கழித்துப் புதிதாக வந்தாலும் அது எதிர்வினைதான். கையில் ஒன்றும் இல்லாமல் அந்த 4 வாரத்தில் உடம்பில் தடிப்போ மூட்டுவலியோ வந்தால் அதைச் சுத்தம் என்று எழுதாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், அது சோதனையை அமுக்கிவிடும். லூபஸ், முடக்குவாதம் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய் இருந்ததா, லிடோகெய்ன் (மரப்பு மருந்து) ஒவ்வாமை உண்டா என்பதையும் இன்றே கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அடுத்த சோதனைப் பேச்சுக்கே இடமில்லை.

கமால்_மருந்தியல்:
மல்லிகா அக்கா, மாட்டிறைச்சிக் கேள்விக்கு: வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஜெலட்டின் என்பது விலங்குக் கொலாஜனிலிருந்து எடுப்பது; இறைச்சி தொடாதவர்களும் ஜெலட்டின் உறை மாத்திரை, மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் என்று பல வழியில் அதைச் சாப்பிட்டிருக்கலாம். வயிற்றில் செரிப்பது வேறு, தோலுக்குள் அப்படியே உட்காருவது வேறு. "கொலாஜன் பானம் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதும் ஊசிக்குச் சான்றாகாது. ஜெலட்டின் சாப்பிட்டோ, ஜெலட்டின் உள்ள தடுப்பூசி போட்டோ ஒவ்வாமை வந்ததுண்டா என்று கேளுங்கள். வந்ததென்றால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் இங்கே நிறைய நடக்கிறது. "கொலாஜன் ஊசி" என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் விலங்குக் கொலாஜனே இல்லை. ஸ்கல்ப்ட்ரா என்பது பாலிலாக்டிக் அமிலம், ரேடியெஸ் என்பது கால்சியம் சேர்மம். இரண்டும் நம் உடம்பைக் கொலாஜன் சுரக்க வைப்பவை. சால்மன் ஊசி என்பது மீனின் டிஎன்ஏ. இவற்றுக்கு இந்தக் கைச் சோதனை பொருந்தாது. ஆகவே முதலில் பெட்டியைப் பாருங்கள். பெயர், லாட் எண், காலாவதி நாள், எந்த விலங்கு என்பது எல்லாம் அதில் இருக்கும். அந்த ஸ்டிக்கரை நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள். சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சாதனப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிரப்பி ஊசியைப் பதிவுபெற்ற டாக்டர்தான் போட வேண்டும், அழகு நிலையத்துக்கு அந்த வேலையே கிடையாது.

மாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பன்றிக் கொலாஜனுக்கு மாற்றலாமே என்று சிலர் உடனே தாவுவார்கள். இரண்டின் அமைப்பும் நெருக்கமானது, ஒன்றுக்கு எதிர்வினை வந்தவருக்கு மற்றதும் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஆட்களில் மாடு வேண்டாம் என்பவரும் உண்டு, பன்றி கூடாது என்பவரும் உண்டு. ஊசி ஏறிய பிறகு இது தெரியவந்தால் அந்த மனவருத்தத்துக்கு மருந்தே இல்லை. ஒப்புதல் தாளில் விலங்கின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.

மல்லிகா_ஈசூன்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: இரண்டு சோதனையும் சுத்தமாக வந்து, பிறகும் முகத்தில் தடித்தால் என்ன செய்வது? ஹைலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறது.

செல்வி_தோல்பிரிவு:
அது இதற்கு உதவாது. ஹைலூரோனிக் அமில நிரப்பியை மட்டும்தான் அது கரைக்கும், கொலாஜனையோ மணியையோ தொடாது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஊசி போடும்போதோ சில நிமிடத்திலோ தோல் வெளிறினால், வலை போலக் கறுத்தால், கடும் வலி எடுத்தால் அது ஒவ்வாமை இல்லை, ரத்தக்குழாய் அடைப்பு. உடனே ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். பார்வை மங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஆம்புலன்ஸுக்கு 995. புருவ நடுப்பகுதிதான் இதில் மிக மோசமான இடம். அங்கே ஸைப்ளாஸ்ட் என்ற இன்னொரு மாட்டுக் கொலாஜன் போட்டுத் தோல் அழுகிய சம்பவங்கள் வந்ததால் அந்த இடத்தில் அதைப் போடவே கூடாது என்றார்கள்.

வாரங்கள் கழித்து, ஊசி போட்ட எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் கெட்டியாகி அரித்தால் அது எதிர்வினை. வெயில், மது, மாதவிடாய் நாட்களில் கூடிக் குறையும். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்தில் அடங்கும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். ஆனால் இந்தக் காலக்கணக்கு கொலாஜனுக்குத்தான். மணியைச் சுற்றி முடிச்சு கட்டினால் ஆண்டுகள் கழித்தும் வரலாம். குளிர் ஒத்தடம் கொடுக்கலாம், ஸ்டீராய்டுக் களிம்போ ஊசியோ டாக்டர் முடிவு செய்வார். ஊசி அளவு கூடினால் அந்த இடம் குழிந்துவிடும். தழும்பை நிரப்பப் போய்ப் புதுக் குழியை உண்டாக்கிவிடாதீர்கள். ஒரு புள்ளி மட்டும் சூடாகி, காய்ச்சலோடு சீழ் கட்டினால் கிருமித்தொற்றையும் நினைக்க வேண்டும், கிருமி வளர்ப்புச் சோதனை எடுக்காமல் ஸ்டீராய்டு வேண்டாம்.

உங்கள் நோயாளிக்கு நாள் கணக்கு இப்படி வரும்: முதல் ஊசியிலிருந்து 14ஆம் நாள் வலது கையில் இரண்டாவது. அதன் 3ஆம் நாள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், முதல் ஊசியிலிருந்து 28ஆம் நாள் இரண்டு கையையும் சேர்த்து. இரண்டாவதுக்கும் முழு 4 வாரம் கொடுத்தால் 42ஆம் நாள் ஆகிவிடும், இந்த மணி வகைக்கு நான் அதைத்தான் விரும்புவேன். அப்படிக் காத்திருந்தால் தீபாவளி தாண்டிவிடும். அதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள், புடவை எடுக்கும் நேரத்தில் போய்ச் சொன்னால் மனசு உடைந்துபோகும்.