ஆல்ட்டோ கிளாரினெட்: வலது கை விரல் வைத்ததும் கீச்சிடுகிறது. ரீடா, பேடா?

காட்பாடி ரீட்:
சர்ச் பேண்டுக்குப் பழைய ஆல்ட்டோ கிளாரினெட் ஒன்று வந்திருக்கு. எபனைட் (கெட்டி ரப்பர்) உடம்பு, இரண்டு துண்டு, வளைந்த மெட்டல் கழுத்து. இடது கை சுரங்கள் சுத்தமா வருது. வலது கையில் ஒரு விரல் வைத்தாலே சத்தம் அடைக்குது, அழுத்தி ஊதினா கீச்சுன்னு மேலே எகிறுது. ஆல்ட்டோ சாக்ஸஃபோன் ரீட் (மவுத்பீஸில் கட்டுற மெல்லிய நாணல் பட்டை) இரண்டரை நம்பர் போட்டிருக்கு. அதனாலயா? வேலூரில் இதைத் திறந்து பார்க்க ஆள் கிடைக்கலை.

குடியாத்தம் கிளாரினெட்:
ரீட் மேல சந்தேகம் வேண்டாம். ஆல்ட்டோ சாக்ஸ் ரீடைப் பலரும் இதில் போடுறாங்க. மவுத்பீஸின் பக்க விளிம்பைத் தாண்டி ரீட் வெளியே நீட்டாம இருந்தா போதும். ரீட் கெட்டிருந்தா இடது கை சுரமும் கெட்டிருக்கணும்.

வலது கையில்தான் ஆரம்பிக்குதுன்னா முதலில் பார்க்க வேண்டியது பிரிட்ஜ் கீ, அதாவது இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும் இரண்டு நாக்கு. வலது கை விரல் அழுத்தும்போது மேல் துண்டில் இருக்கிற ஒரு பேடையும் (ஓட்டையை அடைக்கிற மெத்தை) இதுதான் மூடுது. மூடலைன்னா மேலே ஓட்டை திறந்தே கிடக்கும்.

இப்படிச் சோதிங்க: பின்னால் கட்டைவிரல், இடது ஆள்காட்டி மட்டும் வைத்தா ஈ வரும். அதோட வலது ஆள்காட்டியும் சேர்த்தா அரைச் சுரம் இறங்கி ஈ ஃபிளாட் வரணும். சுரம் இறங்காம ஈ-யிலேயே நின்னா குற்றவாளி பிரிட்ஜ்தான்.

காட்பாடி ரீட்:
ஈ வருது, ஈ ஃபிளாட் வரவே இல்லைங்க. பிரிட்ஜ் நாக்குக்கு அடியில் கார்க்கும் இல்லை, பழைய பசைத் தடம்தான் இருக்கு.

குடியாத்தம் கிளாரினெட்:
அப்போ அதுதான். இன்னைக்கே ஊதணும்னா அங்கே இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டிப் பாருங்க, உடனே வித்தியாசம் தெரியும். நிரந்தரமா ஒட்ட, பழைய பசையைச் சுரண்டிட்டு, சுமார் அரை மில்லிமீட்டர் இயற்கைக் கார்க்கை வெட்டி, செருப்புக்குப் போடுற பசையை இரண்டு பக்கமும் மெலிசா தடவி, பத்து நிமிஷம் காய்ந்ததும் அழுத்துங்க. ஸ்டேஷனரிக் கடை போர்டு கார்க் பொடிப்பொடியா உதிரும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், கீல் கம்பிக்குள் இறங்கிப் பூட்டிக்கும்.

கார்க் தடிமன்தான் இதில் சூட்சுமம். சிகரெட் தாளை 5 மி.மீ. அகலத்துக்கு இரண்டு நறுக்கு வெட்டி, மேல் துண்டு பேடுக்கு அடியில் ஒன்று, கீழ் துண்டு பேடுக்கு அடியில் ஒன்று வைத்து விரலை அழுத்துங்க. இழுத்தா இரண்டும் ஒரே பிடியில் பிடிக்கணும். மேல் தாள் லூஸா வந்தா கார்க் மெலிசு. கீழ் தாள் லூஸா வந்தா கார்க் தடி, உப்புத்தாளில் கொஞ்சம் தேய்ங்க.

இரண்டு துண்டையும் மாட்டும்போது இடது கைச் சாவியை (கீ) அமுக்கி மேல் நாக்கைத் தூக்கிட்டுத்தான் துண்டைச் சுற்றணும். அப்படியே திருகினா புதுக் கார்க்கும் கிழியும். முதல் கார்க் போனதும் இப்படித்தான் இருக்கும்.

காட்பாடி ரீட்:
இரண்டு பேடில் தோல் வெடிச்சிருக்கு. ஆம்பூர், வாணியம்பாடியில் ஆட்டுத் தோல் கிடைக்குதே, வெட்டி ஒட்டலாமா?

ராணிப்பேட்டை பேட்:
தோல் ஊருன்னதும் எல்லாருக்கும் வர்ற ஆசைதான்! ஷூவுக்குப் போகிற தோல் மேல் பூச்சு ஏறி விறைப்பா இருக்கும், ஓட்டையின் விளிம்பில் பதியாது. தடிமனும் கூடினா சாவியின் பின்பக்கம் மட்டும் படிஞ்சு முன்பக்கம் வாய் திறந்து நிற்கும். பழைய பேடின் குறுக்களவு, தடிமன் இரண்டையும் காலிப்பரில் அளந்து, ரெடிமேட் பேடாவே வாங்குங்க. இன்னொன்று, நம்ம ஊர் மே மாச வெயிலில் காருக்குள்ளே பெட்டியை விடாதீங்க. பேடைப் பிடிக்கிற அரக்கு இளகிச் சாய்ந்துடும், வெயில் பட்டா எபனைட்டும் பச்சை, பழுப்பா நிறம் மாறும்.

காட்பாடி ரீட்:
டேப் போட்டதுமே ஈ ஃபிளாட் வந்துடுச்சு! கடைசியா ஒன்று: இதுக்குன்னு தனி நோட்டேஷன் வேணுமா?

குடியாத்தம் கிளாரினெட்:
ஆல்ட்டோ சாக்ஸ் தாளை அப்படியே வாசிக்கலாம், இரண்டும் ஈ ஃபிளாட் வாத்தியம், அதாவது சி விரல் பிடிச்சா கீபோர்டின் ஈ ஃபிளாட் ஒலிக்கும். கீபோர்டில் சி வேணும்னா நீங்க ஏ பிடிக்கணும். சுருதிக் கட்டைக் கணக்கில், சி விரலைச் சட்ஜமா வைத்தா இரண்டரைக் கட்டை. பி ஃபிளாட் கிளாரினெட்டில் அதே விரல் ஆறரைக் கட்டை. அதில் கை பழகினவங்க தடுமாறுறது இங்கேதான். வாயையும் அதே மாதிரி இறுக்கிக் கடிக்காதீங்க, இதில் மவுத்பீஸ் இன்னும் படுக்கையாத்தான் வாய்க்குள் வரும்.